கல்லைப் பார்த்து மர்மம் என்று சொல்வதற்கு முன்

குப்பத்துக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, மேற்கே கொஞ்சம் போனால் கன்னடம். மூன்று மொழிக்காரர்களும் சேர்ந்து செய்யும் தொழில் கல்தொழில். என் அப்பா கல் உடைத்தார். நானும் பதினாறு வயதில் சம்மட்டி பிடித்து, முப்பது வருஷத்துக்கு மேல் குவாரியில் இருந்துவிட்டு வந்தவன்.

போன தசரா லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். போனை நீட்டி, "மாமா, இது நம்ம ஏரிக்கரைப் பாறைதானே?" என்றான். பார்த்தேன். எங்கள் பாறையேதான். அதன் மேல் வரிசையாக 11 குழிகள். யாரோ ஒருவர் வந்து படம் பிடித்து, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இருந்து தொலைந்துபோன ஏதோ ஒரு இயந்திரம் போட்ட குழிகள் என்று பேசியிருக்கிறார். கையால் இவ்வளவு நேர்வரிசையாக அடிக்க முடியாதாம்.

அந்தக் குழிகளை அடித்தவர் என் அப்பா. 1974-ல், கோயில் படிக்கட்டுக்குக் கல் எடுக்க. எனக்கு அப்போது ஒன்பது வயது. உளியைத் தோய்க்கிற தண்ணீர்ப் பானையை நிரப்புவது என் வேலை.

எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. ஒரு மனிதன் தோளும் நுரையீரலும் தேய அடித்த குழி அது. அவன் பெயரை எடுத்துவிட்டு அங்கே ஓர் இயந்திரத்தை வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே பையனைப் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்புறம் நாலைந்து நாள் அவனோடு பேசியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். இப்படி ஒரு படமோ கதையோ உங்கள் கைக்கு வந்தால் எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதற்கு உதவும்.

குழியின் வாயைப் பாருங்கள்

முதலில் கல் எப்படி உடைகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் பாதி மர்மம் போய்விடும்.

கருங்கல்லுக்கு வாட்டம் உண்டு. விறகைப் போலத்தான், ஒரு பக்கம் சுலபமாகப் பிளக்கும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். கணீரென்றால் நல்ல கல். சத்தம் செத்திருந்தால் உள்ளே எங்கோ விரிசல் ஓடுகிறது. சிற்பிகள் ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று பிரிப்பதும் இந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

கல்லைத் தேர்ந்தெடுத்த பிறகு காவியில் நனைத்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிடுவார்கள். பாறையில் சிவப்பாக ஒரு நேர்கோடு விழும். "கையால் இவ்வளவு நேராக வராது" என்பவர்கள் இந்த நூலைப் பார்த்ததில்லை. தச்சரும் கொத்தனாரும் இன்றைக்கும் நூல் போடுகிறார்கள்.

அந்தக் கோட்டின் மேல் நாலு விரல் இடைவெளி விட்டு ஒவ்வொரு குழியாக அடிக்க வேண்டும். வாய் நீள்சதுரமாக இருக்கும், உள்ளே போகப் போகக் குறுகும். ஒரு குழி முடிவதற்குள் நாலைந்து உளி மழுங்கிவிடும். அதனால் பக்கத்திலேயே பட்டறை ஓடும். துருத்தி ஊதி, உளியைப் பழுக்கக் காய்ச்சி, முனையைத் தட்டி, தண்ணீரில் தோய்ப்பார்கள். தோய்ப்பது அதிகமானால் முனை பொடிந்துவிடும், குறைந்தால் வளைந்துவிடும். முனையில் ஓடுகிற நிறத்தைப் பார்த்தே அப்பா சொல்லிவிடுவார்.

எல்லாக் குழியிலும் இரும்பு ஆப்பை வைத்து, வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடி. கடைசிவரை போய்த் திரும்பி வர வேண்டும். ஒரே ஆப்பில் பலத்தைக் காட்டினால் கல் தப்பாக உடையும். அடிக்க அடிக்கச் சத்தம் ஏறிக்கொண்டே போகும். திடீரென்று ஒரு தடவை சத்தம் இறங்கும். உடனே அப்பா கையைத் தூக்கிவிடுவார், எல்லாரும் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். மயிரிழை போல ஒரு கோடு குழிக்குக் குழி ஓடி, பாறை இரண்டாகப் பிரிந்துவிடும். பிரிந்த இரண்டு பக்கத்திலும் பாதிப் பாதிக் குழி நிற்கும். ஊரெங்கும் பாறை ஓரங்களில் பல் வரிசை மாதிரி தெரிவது அதுதான். மாமல்லபுரத்துப் பாறைகளிலும் அதே பல்வரிசையைப் பார்க்கலாம்.

இனி உங்கள் கையில் இருக்கும் படத்துக்கு வருவோம். குழி நீள்சதுரமாக, உள்சுவரில் உளிக்கோடுகளோடு இருந்தால் அது ஆப்புக் குழி. அரைக்குழாய் மாதிரி உருண்டையாக, அடி நீளங்களில் மேலிருந்து கீழே ஓடினால் அது கம்ப்ரஸர் வைத்து ஜாக்கேமரில், அதாவது காற்றழுத்தத்தில் ஓடும் துளைக்கருவியில், போட்ட துளை. முப்பது மில்லிமீட்டரும் சில்லறையும் இருக்கும், தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம் வரை கிட்டத்தட்ட ஒரே அகலம். அது நேற்றைய வேலை. மேசை மாதிரித் தட்டையான, பெரிய வெட்டுமுகமாக இருந்தால் வைரக்கம்பி ரம்பம் போட்டது, அது இன்னும் புதிது. வலையில் சுற்றுகிற "பழங்கால லேசர் வெட்டு" படங்களில் இந்த மூன்றையும் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

நிறத்தையும் பாருங்கள். புது வெட்டு வெளுத்திருக்கும். பழைய வெட்டு பாறையின் தோல் நிறத்துக்கு வந்து, பாசிப்பொட்டுகள் பிடித்திருக்கும். நிறத்தை வைத்து இத்தனை வருஷம் என்று யாராலும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள்.

"அந்தக் காலத்தில் இரும்பு ஏது?" என்று அடுத்த கேள்வி வரும். எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே தோண்டி எடுத்த இரும்போடு கிடைத்த கரியைச் சோதித்து, கி.மு. 2172 என்று காலம் சொன்னார்கள். 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது அது. நாலாயிரம் வருஷமாக இரும்பைக் காய்ச்சித் தட்டிய மண்ணில், உளிக்கு வேறு எங்கோ போய்க் காரணம் தேட வேண்டியதில்லை.

இரும்பு உளி இல்லாத இடத்தில் என்ன செய்தார்கள்? அதற்கு அம்மியிடம் போக வேண்டும்.

அம்மி சொல்லித் தந்தது

கருங்கல்லைக் கத்தியால் வெட்டுவது போல வெட்டுகிறோம் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. கருங்கல் வெட்டுப்படாது, நொறுங்கும். அல்லது தேயும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது கிடையாது.

வாசலில் "அம்மி கொத்தலையா, ஆட்டுக்கல் கொத்தலையா" என்று ஒருவர் வருவாரே, அவரை நினைத்துப் பாருங்கள். உளியைச் செங்குத்தாக வைத்துச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே போவார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மிளகளவு கல் பொடியாகும். ஒரு மணி நேரத்தில் அம்மி முழுக்க அம்மைத்தழும்பு மாதிரிப் புள்ளி விழுந்திருக்கும். பெரு நாட்டில் இன்காக்கள் கத்தியும் நுழையாதபடி கல்லோடு கல் பொருத்திக் கட்டிய சுவர்களிலும் இந்தத் தழும்புதான் இருக்கிறது. 1980-களில் ழான் பியேர் புரோட்சன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் அங்கே போய், ஆற்றில் கிடக்கிற உருண்டைக் கல்லை எடுத்து அந்த ஊர்க் கல்லை அடித்துப் பார்த்தார். உலோகமே இல்லாமல் முகம் சமமானது, மூலையும் நேராக வந்தது. அடித்த தழும்பும் சுவரில் இருப்பதைப் போலவே இருந்தது.

எகிப்தில் அஸ்வான் குவாரியில் ஒரு தூபித் தூண் பாதியில் கிடக்கிறது. சுமார் 42 மீட்டர் நீளம், முடிந்திருந்தால் ஆயிரம் டன்னுக்கு மேல் இருந்திருக்கும். சுற்றிலும் குண்டு குண்டாக டோலரைட் என்ற கடினமான கற்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றால் இடித்து இடித்தே கிரானைட்டைப் பொடியாக்கியிருக்கிறார்கள். இடித்த பள்ளங்கள் வரிசையாக அப்படியே தெரிகின்றன. தூணில் விரிசல் விட்டதும் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதைப் படித்த அன்று என் அப்பாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கல் கைவிட்டுப் போகும்போது வரும் அந்த முகம் எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது தேய்ப்பு. ஆட்டுக்கல் குழவியைத் தடவிப் பாருங்கள், கண்ணாடி மாதிரி இருக்கும். எந்த இயந்திரமும் அதற்குப் பாலிஷ் போடவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சும்மாவா சொன்னார்கள். எகிப்துக் கிரானைட்டில் உருண்டையாகத் துளைத்த ஓட்டைகளைக் காட்டி, வைரமுனை இயந்திரம் இருந்தது என்பார்கள். செம்புக் குழாயையும் மணலையும் வைத்தே அதைச் செய்யலாம் என்று டெனிஸ் ஸ்டாக்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் அந்தக் காலத்துக் கருவிகளைச் செய்து துளைத்தே காட்டினார். கல்லைத் தின்பது மணல். குழாய் மணலைச் சுற்றிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கடினத்தில் கிரானைட்டுக்குச் சளைத்ததில்லை, பத்து வரை போகும் கடினத்தன்மை அளவில் 7.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். கிரானைட் கடையில் உடைந்த துண்டு சும்மாவே தருவார்கள். ஏசி மெக்கானிக்கிடம் அரை சாண் செம்புக் குழாய் கேளுங்கள். ஆற்று மணலைச் சலித்து, கல்லின் மேல் ஈரமாகப் பரப்பி, குழாயைச் செங்குத்தாக அழுத்தி உள்ளங்கைகளுக்கு நடுவில் மத்து கடைகிற மாதிரி உருட்டுங்கள். அக்கா மகன் ஒரு மணி நேரம் உருட்டினான். உள்ளங்கை சிவந்துவிட்டது. கழுவிப் பார்த்தபோது கல்லில் நிலா மாதிரி ஒரு வட்டம். ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. ஆனால் நகத்தை ஓட்டினால் தடுத்தது. அவன் அதையே திரும்பத் திரும்ப நகத்தால் தடவிக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். மணல் எப்போதும் ஈரமாகவே இருக்கட்டும், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த கல்தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. என் அப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே படி ஏறினால் மூச்சு வாங்கும். பழைய சிற்பங்களைப் பார்த்து "மனிதனால் முடியாது" என்று யாராவது சொன்னால், அது முடிந்ததற்கு மனிதன் என்ன கொடுத்தான் என்பதும் எனக்கு நினைவுக்கு வரும்.

சாயங்கால வெளிச்சத்தில் பாருங்கள்

உருவம் செதுக்கிய கற்களுக்கு வேறு வழி.

எங்கள் பக்கம் நடுகற்கள் நிறைய. தெலுங்கில் வீரகல்லு என்பார்கள், கிருஷ்ணகிரி தர்மபுரிப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பக்கத்து ஊரில் புளியமரத்தடியில் ஒன்று சாய்ந்து நிற்கிறது. அதன் படத்தையும் போட்டு, தலைக்கவசம் மாட்டிய விண்வெளி மனிதன், முதுகில் குழாய், நெஞ்சில் ஏதோ கருவி என்று எழுதியிருந்தார்கள்.

உச்சிவெயிலில் எடுத்த படம் அது. நேர்மேலே வெயில் விழும்போது புடைப்புச் சிற்பத்தில் நிழலே இருக்காது, பாதிக் கோடுகள் மறைந்துபோகும். மறைந்த இடத்தில் கண் தனக்குப் பிடித்ததை நிரப்பிக்கொள்ளும். அதனால் காலையில் ஏழு மணிக்கோ சாயங்காலம் ஐந்தரைக்கோ போங்கள். இன்னும் நல்லது, இருட்டின பிறகு ஒரு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடிப்பது. முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், மேலே, கீழே. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். தலைக்கவசம் என்றது இறுகக் கட்டிய கொண்டை. முதுகுக் குழாய் அம்பறாத்தூணி. கையில் வில். நெஞ்சில் இருந்த கருவி, உடம்பில் தைத்து நிற்கும் அம்பு. காலுக்குக் கீழே தேய்ந்துபோய், டார்ச்சைத் தரையோடு வைத்தால் மட்டும் தெரிகிற ஒரு மாட்டின் திமில். ஊர் மாட்டைக் கவர வந்தவர்களை மறித்து, அம்பு வாங்கிச் செத்த ஒருவனின் கல் அது. அக்கா மகன் ரொம்ப நேரம் அந்த அம்பின் மேலேயே டார்ச்சைப் பிடித்திருந்தான்.

நடுகல்லுக்கு ஒரு மொழி இருக்கிறது. வில்லோ வாளோ இருக்கும், தைத்த அம்பு இருக்கும், மாடு இருக்கும், சில கற்களில் மேலே சாமரம் வீசி அழைத்துப் போகிற தேவமகளிர் இருப்பார்கள். எழுத்து இருந்தால் இரண்டு சொல்லைத் தேடுங்கள். "தொறு" என்றால் மாட்டு மந்தை, "பட்டான்" என்றால் இறந்தான். பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் வந்தால் இந்த இரண்டும் பெரும்பாலும் வாயில் வந்துவிடும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயரைக் காப்பாற்றிய கல் இருக்கும் நாட்டில், தெரியாத கல்லை எல்லாம் வேற்றுலகத்துக்கு எழுதிக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் பூசாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள். படியெடுக்கத் தெரிந்தவர்கள் கல்லைக் கழுவி, நனைந்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். மைப்படி என்று பெயர். அது அவர்கள் வேலை. நமக்கு டார்ச் போதும்.

ஓரத்தை வெட்டிய படங்கள்

வெளிநாட்டுப் படங்களை நேரில் போய்ப் பார்க்க முடியாது. அதற்கு ஒரே கேள்வி: இந்தப் படத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

எகிப்தில் அபிடோஸ் கோயிலில் ஹெலிகாப்டர் என்று ஒரு படம் சுற்றுகிறது. கொஞ்சம் தள்ளி எடுத்த படம் கிடைத்தால், அது எழுத்து வரிசையில் ஒரு துண்டு என்று தெரியும். அரசர் முதலாம் சேத்தி தன் பட்டப்பெயரை வெட்டினார், மகன் இரண்டாம் ராம்சேஸ் அதைச் சாந்தால் அடைத்து அதன் மேல் தன் பட்டத்தை வெட்டினார். பல நூற்றாண்டில் சாந்து உதிர்ந்தது, இரண்டு எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிகிறது. நம் ஊரில் பழைய சினிமா போஸ்டர் கிழிந்து அடியில் இருக்கிற நடிகர் எட்டிப் பார்ப்பாரே, அதே கதைதான். அதே எகிப்தில் தெந்தெரா கோயில் சுவரில் "மின்விளக்கு" என்று காட்டுவது ஒரு தாமரைப் பூவிலிருந்து வெளிவரும் பாம்பு. அதைச் சுற்றியுள்ள எழுத்தே அதைச் சொல்கிறது. எழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் காட்டுகிறார்கள்.

மெக்சிகோவில் பலெங்கே என்ற இடத்தில் பாகல் என்ற அரசனின் கல்பெட்டி மூடி இருக்கிறது. 1952-ல் கண்டெடுத்தார்கள். ராக்கெட் ஓட்டுகிறான் என்பவர்கள் அதைப் படுக்க வைத்துக் காட்டுவார்கள். நிமிர்த்திப் பாருங்கள், அவனுக்குப் பின்னால் எழும்புவது மாயா மக்களின் உலகமரம். விளிம்பில் அவன் முன்னோர்கள் இறந்த விவரம் வெட்டியிருக்கிறது. அவன் இறந்தது கி.பி. 683.

நம் ஊரிலேயே ஒன்று. திருச்சி உறையூர்க் கோயில் தூணில் ஒருவர் சைக்கிள் ஓட்டுகிற சிற்பம் இருக்கிறது. கோயில் பழையது, ஆனால் 1920-களில் திருப்பணி நடந்தபோது வெட்டியது அந்தச் சிற்பம். சைக்கிள் புதிதாக வந்த காலம், சிற்பி பார்த்ததைச் செதுக்கினார். ஆகையால் கோயிலின் வயது என்ன என்று கேட்டால் போதாது, இந்தக் கல் எந்தக் காலத்துத் திருப்பணியில் வந்தது என்று கேட்க வேண்டும்.

முடியாத வேலையைத் தேடிப் போங்கள்

எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது. முடிந்த சிற்பம் தான் எப்படிப் பிறந்தது என்பதை மறைத்துவிடும். பாதியில் நின்றது எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்குப் போங்கள். எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் வேலை. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டு வந்து, பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். மேலே விமானம் நகை மாதிரி இருக்கும், கீழே வெறும் பாறை. நடுவில் இருக்கிற இடத்தில் நின்று பாருங்கள், சிற்பி எந்த வரிசையில் வேலை செய்தார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரே பாறையைக் குடைந்து எடுத்த எல்லோராவின் கைலாசநாதர் கோயிலை மனிதன் செய்யவில்லை என்று பேசுகிறவர்கள் முதலில் இங்கே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். சாரம் கட்டாமல், மேலிருந்து இறங்கிக்கொண்டே செதுக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களும் அப்படிப் பாதியில் நிற்பவை.

எங்கள் ஆந்திராவில் லேபாட்சி. விஜயநகரக் காலத்து வீரபத்திரர் கோயில், பதினாறாம் நூற்றாண்டு. தரையைத் தொடாமல் நிற்பதாகச் சொல்கிற தொங்கும் தூணுக்கு அடியில் துணியை விட்டு எடுத்துப் புண்ணியம் தேட எப்போதும் கூட்டம். நான் போனபோது எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்வேலைக்காரன் நிமிர்ந்துதான் பார்ப்பான். தூணின் தலை மேலே உத்திரத்தோடு பொருந்தியிருக்கிறது. சுற்றியுள்ள தூண்களும் கருங்கல் உத்திரங்களும் அந்த மண்டபத்தின் கூரையைத் தாங்குகின்றன. ஒன்றின் அடி முழுதாகத் தரையில் ஊன்றாவிட்டாலும் மண்டபம் நிற்கும். அத்தனை பலமாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். துணி விட்டு முடிந்ததும் பின்னால் போய், முடிக்காமல் விட்ட கல்யாண மண்டபத்தைப் பாருங்கள். மற்றவர்கள் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை.

வேலை செய்தவர்களின் பெயரையும் தேடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைச் சிற்பியின் பெயரே இருக்கிறது. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று பெருமையாக வெட்டி வைத்தான். புதுமையாக ஒன்றைச் செய்தால் கல்லில் எழுதி வைக்காமல் இருக்கிற ராஜா கிடையாது. அவ்வளவு பெரிய இயந்திரம் இருந்திருந்தால் ஒரு வரியாவது எழுதியிருப்பான். குப்பையும் இருந்திருக்கும். எங்கள் குவாரியை மூடி பத்து வருஷம் ஆகிறது. இன்றைக்குப் போனாலும் கம்ப்ரஸர் பைப்புத் துண்டு, உடைந்த பிட், டீசல் டின், துருப்பிடித்த போல்ட் கிடைக்கும். பழைய குவாரியில் கிடைப்பதெல்லாம் கல்சில்லும் உடைந்த கருவியும்தான்.

தஞ்சைப் பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்று இன்னும் சொல்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் அங்கே போய் நில்லுங்கள். விழும்.

நம்ப வேண்டியதை நம்புங்கள்

சந்தேகப்படுவது என்றால் எல்லாவற்றையும் இல்லை என்று தள்ளுவது அல்ல. கிரேக்கக் கடலடியில் 1901-ல் எடுத்த ஆண்டிகிதெரா கருவியில் முப்பது வெண்கலப் பல்சக்கரங்கள் மிஞ்சியிருக்கின்றன. சூரியனும் சந்திரனும் எங்கே இருக்கும் என்று கணக்கிட்ட இரண்டாயிரம் வருஷத்துக் கருவி. அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், பொருள் கையில் இருக்கிறது. டெல்லி இரும்புத் தூண் ஆயிரத்து அறுநூறு வருஷமாகப் பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே ஒரு காப்புப் படலம் உருவாகியிருக்கிறது என்று சோதித்துச் சொன்னார்கள். இரண்டும் மனிதன் செய்தவை. எப்படிச் செய்தான் என்று கேட்கும்போதுதான் சுவையே கூடுகிறது.

வீட்டில் பெரியவர்கள் இப்படி ஒன்றைச் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். நம் முன்னோர் பெரியவர்கள் என்ற பாசத்தில்தான் அவர்கள் அதைப் பகிர்கிறார்கள். "ஆமா பெரியப்பா, பெரிய ஆட்கள்தான், எப்படிச் செஞ்சாங்கன்னு பார்க்கப் போலாமா?" என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மர்மம் என்று பரவிய இடத்துக்கு அடுத்தாற்போல் வருவது புதையல் தேடுகிறவர்கள். எங்கள் பக்கத்துக் குன்றுகளில் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று சொல்கிற கல்திட்டைகள் இருக்கின்றன. இரும்புக் காலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களுக்கு வைத்தவை. அதில் ஒன்றை ராத்திரியில் கடப்பாரை போட்டுப் பெயர்த்து, மூடுகல்லை இரண்டாக்கிவிட்டார்கள். உள்ளே மண்ணும் பானை ஓடும்தான் இருந்தன. அப்படித் தோண்டுவதைப் பார்த்தால் தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். உண்மையிலேயே ஏதாவது கிடைத்தால்கூட, 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கல்திட்டை இருக்கும் இடத்தின் சரியான வழியை வலையில் போடாதீர்கள்.

லீவு முடிகிற அன்று அக்கா மகனும் நானும் ஏரிக்கரைப் பாறைக்கு இன்னொரு தடவை போனோம். என் அப்பாவின் பழைய உளி ஒன்றை அவன் கேட்டு எடுத்து வந்திருந்தான். ஒவ்வொரு குழியாக அதை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே போனான். பதினோராவது குழியில் உளி ஒரு விரல் ஆழத்தில் நின்றுவிட்டது.

"மாமா, இது மட்டும் ஏன் பாதியில நிக்குது?"

அந்த இடத்தில் காதை வைத்துத் தட்டச் சொன்னேன். தட்டினான். சத்தம் செத்திருந்தது. உள்ளே விரிசல். 1974-ல் அப்பா அந்த இடத்தில் உளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போகாதே என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. படிக்கட்டுக்கு வேண்டிய கல்லை வேறு பாறையில் எடுத்தார்கள். அதனால்தான் இந்தப் பாறை இன்னும் உடையாமல், குழிகளோடு அப்படியே கிடக்கிறது.